லமான்ட் ப்ரூயிட்டை யார் எடுத்துக்கொள்வார்கள்?

1

கிழடுதட்டிப்போன எதையும் ஆள் மாற்றியே இளமையாக்கிவிடலாம். கூடைப்பந்து அணி, மந்திரிசபை, சிறுகதை, எதுவானாலும் சரி. தேவை ஒரு தொலைபேசியும் கல்நெஞ்சும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மனிதகுலம் இதுவரை இதில் தோற்றதற்குக் காரணம் பாசம் ஒன்றே. இந்தக் கதை அதற்கான நிரூபணம்.

கதை பிறந்தது டொலீடோ நகரக் கூடைப்பந்து அரங்கத்தின் கடைசி வரிசையில். எங்கள் ஊர் அணியான நாரைகள் வழக்கம்போலத் தோற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து இருக்கைப் பெரியவர், "இவனுங்க ஓடுறதப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது" என்றார். அவருக்கு எழுபது வயது இருக்கும். நான் வீட்டுக்குப் போய் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: 'ஏரிக் காற்று அரங்கத்தின் கதவுகளை உலுக்கிய அந்தப் பிப்ரவரி மாலையில்' (வேண்டாம். காற்று கதவை உலுக்கினால் பிறகு யாராவது சாகவேண்டியிருக்கும்.)

இரண்டாவது தொடக்கம்: ரஸ் சாபோவுக்கு வேலை போகப்போகிறது.

இது பரவாயில்லை. சாபோ நாரைகளின் மேலாளர். யாரை வைத்துக்கொள்வது, யாரை வேறு அணிக்குக் கொடுத்து யாரை வாங்குவது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. வியாழன் மூன்று மணியோடு இந்தப் பரிமாற்றங்களுக்கான கெடு முடிகிறது. அதற்குள் அணி இளமையாகாவிட்டால் இனி வீட்டிலிருந்தே ஆட்டம் பார்க்கலாம் என்று முதலாளியம்மா மிஸஸ் ஹாலோரன் அவரிடம் அன்பாகச் சொல்லியிருந்தார்.

சாபோ எல்லா அணிகளோடும் பேசினார். கிழவர்களை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட ஒரே இளைஞனைக் கொடுத்துவிட்டால் அணி என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. இரண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப்போகவேண்டும் என்று ஒரு விதி வேறு. கொழுத்த சம்பளம் வாங்கும் நம் கிழவனைக் கொடுத்தால், அதே சம்பளம் வாங்கும் அவர்கள் கிழவன் வந்து இறங்குவான். இடது முழங்கால் போய் வலது முழங்கால் வரும். இதற்குப் பெயர் மறுசீரமைப்பு.

3

லமான்ட் ப்ரூயிட்டுக்கு முப்பத்தேழு வயது. எங்கள் ஊரின் ஒரே கோப்பை அவர் வென்றது. [கோப்பை இப்போது முன்வாசல் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைத் துடைக்கிறவருக்கும் அதே வயதுதான், அவருக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.] மேற்குக் கடற்கரை அணி ஒன்று அதிசயமாக அவரைக் கேட்டது. பதிலுக்கு இருபத்தொரு வயதுப் பையன். சாபோ உடனே சரி என்றார். வழியனுப்பு விழாவில் பீர் விற்கிறவர்கள்கூட அழுதார்கள்.

பரிமாற்றம் செல்லுபடியாக, போன இடத்தில் மருத்துவப் பரிசோதனையில் தேறவேண்டும். ப்ரூயிட் தேறவில்லை. புதன் காலை திரும்பி வந்துவிட்டார். விழாவில் பரிசாகக் கொடுத்த ஆடும் நாற்காலி மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அது தேறியிருக்கவேண்டும்.

4

அதே காலையில் தெற்கத்திய அணி ஒன்றிடமிருந்து ஓர் அழைப்பு: ஒரு ஆளைக் கொடுத்தால் இரண்டு இளைஞர்கள் தருகிறோம். ஆனால் அணியில் இடம் நிறைந்திருந்தது. இரண்டாமவனுக்கு இடம் வேண்டுமென்றால் ப்ரூயிட்டை விடுவிக்கவேண்டும். அதைச் சொல்லத்தான் சாபோ உடைமாற்றும் அறைக்கு இறங்கி வந்தார்.

"என் எடத்துல யாரோட ஷூவோ இருக்கு, ரஸ்."

"உனக்குப் பதிலா வர்றதா இருந்த பையனோடது. முன்னாடியே அனுப்பிட்டாங்க."

"ம்."

டாக்டர் என்னதான் சொன்னார் என்று சாபோ கேட்டார்.

"முழங்கால் படத்தப் பாத்துட்டு இன்னொரு டாக்டரக் கூப்பிட்டாரு. அவரு ஒருத்தரக் கூப்பிட்டாரு. கடைசில ரூம் முழுக்க ஆளுங்க. நம்ம ஆட்டத்துக்குக்கூட இப்பல்லாம் அவ்வளவு கூட்டம் வர்றதில்ல."

சாபோ வாயைத் திறந்தார். 'லமான்ட், உன்னை நாங்கள்' (வாக்கியத்தை முழுசாகத்தான் எழுதிக் கொடுத்தேன். அவர் பாதியில் விழுங்கிவிட்டார்.)

"சாப்டியா?" என்றார்.

ப்ரூயிட் பெஞ்சில் உட்கார்ந்தார். "என்னக் கழட்டிவிடப் போறேன்னா இப்பவே சொல்லிடு. பாப்பாகிட்ட நானே சொல்லணும். போன வாரம் என்ன வேற டீமுக்குக் குடுத்தத டிவில பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டா. பள்ளிக்கூடத்துல, எல்லாப் பிள்ளைங்களுக்கும் நடுவுல."

"நாளைக்குப் பேசுவோம்."

5

நாளைக்கு! வாசகரே, அணிகள் கிழடாவது இந்த ஒரு சொல்லால்தான். இப்படிப்பட்டவரிடம் தொலைபேசியைக் கொடுத்தது யார்?

எனவே நானே இறங்கினேன். ப்ரூயிட்டைக் கதையிலிருந்து கொடுத்துவிட்டு அந்தப் பையனை எடுத்துக்கொண்டேன். அவன் வந்தான். "டொலீடோவுல ஆடுறது பெருமையா இருக்கு" என்றான். இன்னும் என்ன என்று கேட்டேன். "டீமுக்காக என்ன வேணா செய்வேன்" என்றான். ஒரு பக்கம் முழுவதும் இப்படியே போனது. அழகான முழங்கால்கள், இழக்க ஒன்றுமில்லை.

காதல் கதை எழுதும் நண்பனிடம் ப்ரூயிட்டைத் தள்ளிவிடப் பார்த்தேன். "மாடி ஏறுவாரா?" என்று கேட்டான். அதோடு பேரம் முடிந்தது.

6

கைவசம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

அ. சாபோ ப்ரூயிட்டை விடுவிக்கிறார். சாபோவின் வேலை தப்புகிறது. அணி தொடர்ந்து தோற்கிறது, முன்னைவிட வேகமாக ஓடி.

ஆ. சாபோ மறுக்கிறார். முதலாளியம்மா சாபோவை விடுவிக்கிறார். புதிதாக வந்த மேலாளர் ப்ரூயிட்டை விடுவிக்கிறார்.

இரண்டிலும் ப்ரூயிட் வெளியேதான். ஆகவே எதைத் தேர்ந்தாலும் ஒன்றுதான். அ-வை எழுதினேன்: 'வியாழன் இரண்டரை மணிக்கு சாபோ தொலைபேசியை எடுத்து'

உடைமாற்றும் அறையில் ப்ரூயிட் முழங்காலுக்குப் பட்டை சுற்றிக்கொண்டிருக்கிறார். இன்று பயிற்சி உண்டா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. மகளுக்குப் பள்ளி விட இன்னும் நேரமிருக்கிறது.

வியாழக்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். தேவையானதெல்லாம் மேலே இருக்கிறது. இங்கே இப்போது புதன்கிழமை.