அவனுடைய தலைக் கிரீம்

அவள் கணவன் கப்பலில் சமையல்காரன். இந்தத் தடவை அவன் கிளம்பிப் போன பிறகு, குளியலறைத் தட்டில் அவனுடைய தலைக் கிரீம் டப்பா கிடந்தது. அவசரத்தில் மறந்துவிட்டான். மெழுகு மாதிரி கெட்டியான கிரீம். மூடியைத் திறந்தால், அவனே குளித்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. முதலில் முகர்ந்து பார்த்து மூடி வைத்தாள். பிறகு ஒரு நாள் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துத் தன் தலையில் தடவிக்கொண்டாள். அதுவே பழக்கமாகிப்போனது.

அவளுக்குக் கூரியர் கம்பெனியில் வேலை. வண்டியில் சுற்றி வீடு வீடாகப் பார்சல் கொடுக்க வேண்டும். காலையில் மாட்டும் ஹெல்மெட் சாயங்காலம்வரை தலையில்தான். வெயிலில் தலை வேர்க்க வேர்க்க, கிரீமின் வாசனை ஹெல்மெட்டுக்குள் கிளம்பும். சிக்னலில் முன்கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த வாசனைக்குள் உட்கார்ந்திருப்பாள். பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்தால்தான் பச்சை விழுந்தது தெரியும்.

பிடரிக்கு மேலே முதல் பரு வந்தபோது சூட்டுக் கட்டி என்று விட்டுவிட்டாள். அப்புறம் உச்சியிலும் காதோரத்திலும் கிளம்பின. சீப்பு பட்டால் சுரீரென்றது. சில பருக்கள் பழுத்து உடைந்தன. அரிப்பு தாங்காமல் நகத்தால் கீறிவிடுவாள். காலையில் தலையணை உறையில் கறை இருக்கும்.

கப்பல் கரையைத் தொட்டால் கணவன் வீடியோவில் கூப்பிடுவான்.

"ஏன் தலையில துண்டு?"

"இப்பதான் குளிச்சேன்."

"போன தடவையும் இதையேதான் சொன்ன."

"சுத்தமா இருக்கேன். அதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவன் சிரித்தான். "சரி சரி. வந்ததும் உன் தலையை மடியில வச்சுக்கிட்டு, பேசாம முடியைக் கோதிக்கிட்டே இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதைக் கேட்கத்தான் இத்தனை மாதமாக ஏங்கிக்கொண்டிருந்தாள். கேட்டதும் தலைத் துண்டை இழுத்து இறுக்கிக்கொண்டாள்.

அதே வீட்டில் இருந்த நாத்தனார்தான் தலையணை உறையில் இருந்த கறையைக் கண்டுபிடித்தாள். அண்ணியின் தலையைத் தடவினாள்; கட்டி கட்டியாகக் கைக்குத் தட்டுப்பட்டது. "என்ன அண்ணி, தலையில விதை எதுவும் தூவியிருக்கீங்களா?" என்று கேட்டு, முடியை விலக்கிப் பார்த்தவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள். மறுநாளே தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா விளக்கைக் கிட்டே இழுத்து, வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். "தலைக்கு என்ன போடுறீங்க?"

"எண்ணெயே தொட மாட்டாங்க டாக்டர்," என்றாள் நாத்தனார்.

அவள் மெதுவாகக் கைப்பைக்குள்ளிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இது அண்ணனோடதாச்சே," என்ற நாத்தனார், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை டாக்டரம்மா பக்கம் நகர்த்தினாள்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து பார்த்தார். "முடி முளைக்கிற குழியை இந்தப் பிசுக்கு அடைச்சிடுது. மேல வேர்வை, ஹெல்மெட் அழுத்தம். உள்ளே கிருமி சேர்ந்து வீங்குது. நீங்க கீறுறதால பரவுது. ஆழமா புண்ணாகி வடு விழுந்தா அந்த இடத்துல முடியே வராது."

"இனிமே தொடவே கூடாதா?"

"தலையில கூடாது. மோந்து பார்த்துக்க நான் தடை போடல."

மருந்து ஷாம்புவைத் தேய்த்து, சில நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். பருவின் மேல் லோஷன். கீறக் கூடாது. ஹெல்மெட்டின் உள் பஞ்சைக் கழற்றித் துவைக்க வேண்டும்.

மற்றதையெல்லாம் உடனே தொடங்கிவிட்டாள். பஞ்சைத் துவைக்கத்தான் மனசு வரவில்லை. கடைசியில் நாத்தனாரே அதை ஊறப்போட்டுவிட்டாள். மறுநாள் சிக்னலில் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கினாள். சோப்பு வாசனைதான் வந்தது. கண்ணாடியைத் தூக்கிவிட்டுவிட்டு, எதிரே கடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பருக்கள் மெல்ல வற்றின. முழுசாக ஆறுவதற்குள் கணவன் வந்துவிட்டான். பெட்டியை வைத்துவிட்டு அவன் கையை நீட்டியதும் அவள் தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"தொடாதீங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

ஒன்று விடாமல் சொன்னாள். அவன் கேட்டு முடித்ததும், "அந்த ஷாம்பு எங்கே?" என்றான்.

குளியலறையில் முக்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்தான். நகம் படாமல் விரல் நுனியால் மட்டும் தேய்த்தான். நுரை பொங்கியது. காதுக்குப் பின்னால், முடி திரும்ப வராத ஒரு சின்ன இடத்தில் அவன் விரல் நின்றது.

"வலிக்குதா?"

"இல்ல. எடுக்காதீங்க."

அவன் திரும்பிப் போக வேண்டிய தேதி முன்னமே கம்பெனியிலிருந்து வந்திருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவன் கப்பலில் பால் பொங்கி அடுப்பை அணைத்த கதையைச் சொன்னான். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஊறினது போதும், கழுவிடலாமா?" என்று குவளையை எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள் அவள்.