மதிலில்லாத பக்கம்

றுஸ்தா வீட்டுக்குள் நுழைந்தபோது வாப்பாவைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் அவளுக்காகத் திறந்து வைத்திருந்தார்கள். குனிந்து பார்த்தாள். அந்த முகம் வெயில்பட்டுக் கறுத்திருந்தது.

வாப்பா நஸீம் சம்மாந்துறை அரிசி ஆலையில் வேலை செய்தவர். ஆறு வருடத்துக்கு முன் லொறி புரண்டதில் உயிர் தப்பினார். அதன்பிறகு வீட்டுக் கேற்றைத் தாண்டியதில்லை. றோட்டைக் கண்டாலே நெஞ்சு படபடக்கும். றுஸ்தா பல்கலைக்கழகத்தில் எலிகளின் பயத்தை ஆராயப் போனது அவரால்தான். அதை அவள் அவரிடம் சொன்னதில்லை.

எலிகளைப் பற்றி மட்டும் போனில் சொல்வாள். உயரத்தில் கூட்டல் அடையாளம்போல நாலு பலகைப் பாதை. இரண்டுக்கு மதில் உண்டு, இரண்டுக்கு இல்லை. பயந்த எலி மதிலுக்குள்ளேயே கிடக்கும். நடுங்கிக்கொண்டே வெளியே வருவதும் உண்டு.

"வெளிய வந்தா என்ன குடுப்பீங்க?" என்று கேட்டிருந்தார்.

"ஒண்டும் குடுக்கிறல்ல வாப்பா. எவ்வளவு நேரம் நிக்கிதெண்டு பாக்கிற."

நேற்றுப் பின்னேரம் வாய்க்கால் கட்டின் மேல் உட்கார்ந்தபடியே அவர் மௌத்தாகிவிட்டார். தன் கதையைக் கேட்டுத்தான் வெளியே போனாரோ, வீட்டில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று வழிநெடுக அவளை அரித்தது.

ஜனாஸாவைத் தூக்குமுன், ஆலையில் கூட வேலை செய்த ஷிப்லி அவளை வாசலுக்குக் கூப்பிட்டார். இருபத்து மூன்று நாளாக வாப்பா அவரோடு நடந்தாராம். முதல் நாள் சந்திவரை, ஷிப்லியின் சைக்கிளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நேற்றுத் தனியாகவே போய், வயலில் நெல் வெட்டும் மெசின் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"உங்களுக்குச் சொல்ல வேணாமெண்டாரு, மகள். பெருநாளைக்கு நீங்க வரக்குள்ள பஸ்ஸடியில வந்து நிக்கணுமாம்." ஷிப்லி நிலத்தைப் பார்த்தார். "நெஞ்சு அதுட பாட்டுல அடிக்கட்டும், நான் எண்ட பாட்டுல நடக்கிறனெண்டு சிரிப்பாரு."

றுஸ்தா உள்ளே போய் வாப்பாவின் நெற்றியில் கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

ஆண்கள் ஜனாஸாவோடு போனபின் வீடு அடங்கியது. உம்மா ஸுலைஹா அறையில் பாயில் இருந்தாள்.

"நான் சொல்லித்தான் போனாரா உம்மா?"

"ஓம்," என்றாள் உம்மா. "புதுச் செருப்பு நான்தான் வாங்கிக் குடுத்த. திரும்பி வரக்குள்ள பாட்டுப் படிச்சிக்கிட்டு வருவாரு. ஆறு வருசமாக் கேக்காத பாட்டு."

பிறகு பக்கத்து வீட்டிலிருந்து சோறு வந்தது.

"உன்ட எலிகளுக்கு இப்ப ஆரு தீன் வெக்கிற?" என்று உம்மா கேட்டாள்.

"என்னோட படிக்கிற கமீலா வெப்பா. நாலு நாளைக்குச் சொல்லிட்டு வந்த."

"பிந்தாமப் போ."

உம்மா சோற்றில் பருப்பை ஊற்றி, விரலால் நடுவில் ஒரு கோடு இழுத்து, ஒரு பாதியை மகளின் பக்கம் தள்ளினாள்.