மேடு தேடும் வண்டி

நெல்லிவாசல் பக்கத்து ஊர்களுக்குச் சாமை குத்த இருப்பது சகுந்தலாவின் மிஷின் ஒன்றுதான். அதை ஓட்டுவது ஒரு பழைய ஆயில் என்ஜின். பிஸ்டன் ரிங் தேய்ந்துபோய்விட்டதால் உள்ளே அழுத்தம் நிற்பதில்லை. இரண்டு சொட்டு ஆயிலை உள்ளே விட்டு, வால்வைத் திறந்து வைக்கும் லிவரைத் தூக்கி, கைப்பிடியை வேகமாகச் சுற்றி, சரியான நேரத்தில் லிவரைத் தட்டிவிட வேண்டும். பிடித்தால் பிடிக்கும், இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. போன மாதம் ஆறு சுற்றில் பிடித்தது. இன்றைக்குப் பதினொன்று ஆயிற்று. ஜாக்கெட்டில் கைவிடக்கூட வலது தோளைத் தூக்க முடியவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் புருஷன் பஞ்சாட்சரத்தின் ஒர்க் ஷாப். மலையில் ஓடுகிற ஜீப்பில் பாதி அவன் கைபட்டது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள். மெக்கானிக் பொண்டாட்டியின் என்ஜினையும் அதில் சேர்த்திருக்கலாம்.

"என் வண்டி ரெடியாகட்டும். அதுலயே உன்ன இட்டுக்கினு திருப்பத்தூர் போய் ரிங்கு வாங்கியாந்து மாட்டிடறேன்" என்று அவன் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது.

அவன் வண்டி என்பது எழுபதுகளில் வந்த ஒரு முந்நூற்றைம்பது சிசி புல்லட். அதை ஐந்நூறாக்குவது என்று ஆரம்பித்தான். அடிப்பாகத்தின் வாயை லேத்தில் கொடுத்து அகலப்படுத்தி, எண்பத்து நாலு மில்லிமீட்டர் பிஸ்டனுக்குத் தகுந்த பெரிய பேரலை உட்கார வைத்தான். கிராங்கைத் தராசில் வைத்த மாதிரி சமன் பார்த்தான். பிஸ்டனுக்கும் பேரலுக்கும் நடுவே எத்தனை மயிரிழை இடம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். "ரேஸுக்கு இல்ல, ரோட்டுக்கு. ரெண்டு பேர் உக்காந்து கொண்டை ஊசி வளைவுல கியரைக் குறைக்காம ஏறணும்" என்பான். சொன்னது ரோட்டுக்கு. ஆசை மட்டும் ரேஸுக்குப் போய்விட்டது. ஹெட்டைச் சீவி, தலை புடைத்த பிஸ்டனைப் போட்டு, அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனான். உதைக்கும்முன் அழுத்தத்தை வெளியே விட, வால்வைத் தூக்கிவிடும் சின்ன லிவர் ஒன்று புல்லட்டிலும் உண்டு. அதைப் பார்க்க அசிங்கம் என்று கழற்றிவிட்டு ஓட்டையைப் போல்ட் போட்டு அடைத்தான்.

வெள்ளிக்கிழமை பூஜை போட்டு முதல் உதை உதைத்தான். கிக்கர் திருப்பி அடித்து முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவன் கிக்கர் கோணல் என்றான். போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒர்க் ஷாப் பையன் அஜய் உதைத்துப் பார்த்தான். அவன் செருப்பு கூரைமேல் போய் விழுந்தது. கடைசியில் மேட்டிலிருந்து உருட்டி இரண்டாவது கியரில் விட்டபோது என்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தில் சகுந்தலாவின் மிஷினில் இருந்த தகரம்கூட அதிர்ந்தது. பஞ்சாட்சரத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றிலிருந்து மேடு இருக்கும் இடத்தில்தான் வண்டியை நிறுத்தினான். மலையில் மேட்டுக்கா பஞ்சம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர் கெங்கம்மாள் ஒரு மூட்டை சாமையோடு வந்து நெடுநேரம் காத்திருந்தாள். என்ஜின் பிடிக்கவில்லை.

"தப்பா நினைச்சுக்காத சகுந்தலா. இந்த அறுப்புக்கு எல்லாருமா சேர்ந்து ஜீப்புல கீழ மில்லுக்கே ஏத்தி வுட்டுடலாம்னு பேசிக்கிறாங்கோ. உன் மிஷினு ஓடுச்சுன்னா நான் எதுக்குப் போறேன்?"

போனால் திரும்பி வரமாட்டார்கள் என்று சகுந்தலாவுக்குத் தெரியும். இந்த மிஷினை விட்டால் அவளுக்கென்று ஒன்றும் இல்லை.

"நாளைக்குத் திருப்பத்தூர் போறோம்" என்றாள் புருஷனிடம். கேட்கவில்லை, சொன்னாள்.

திங்கட்கிழமை மேட்டிலிருந்து உருட்டிக் கிளம்பினார்கள். பொய் சொல்லக்கூடாது, வண்டி நன்றாகத்தான் போயிற்று. நடுவில் வந்த ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே, முணுமுணுக்காமல், இருவரையும் தூக்கிக்கொண்டு ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த சகுந்தலாவுக்கு நாலைந்து வளைவுவரை தோள்வலி மறந்துபோனது. இவன் கை கெட்டிக்காரக் கைதான் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் வயிற்றெரிச்சல் இன்னும் அதிகமானது.

திருப்பத்தூர் கடைத்தெரு உள்ளங்கை மாதிரி சமதரை. ஸ்பேர் கடை வாசலில் என்ஜினை ஓடவிட்டபடியே ஸ்டாண்டைப் போட்டான் பஞ்சாட்சரம்.

"ஆக்ஸிலேட்டரை லேசா புடிச்சிக்கினு நில்லு. ஆஃப் ஆச்சுன்னா இங்க மேடு கிடையாது."

அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். உள்ளே கடைக்காரர் கேட்பது காதில் விழுந்தது.

"ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா?"

எண்பத்து நாலு மில்லியை மயிரிழையில் சொல்கிறவனுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் என்ஜின் என்ன சைஸ் என்று தெரியாது. ஒருநாளும் அவன் அதைத் திறந்து பார்த்ததில்லை. வாசலுக்கு வந்து தலையைச் சொறிந்தான்.

"உன் என்ஜினு இன்னா சைஸும்மா?"

சகுந்தலா கையை எடுத்துவிட்டு உள்ளே போனாள். "இருபது ஓவர். எங்கப்பா காலத்துல போட்டது. பிஸ்டன் தலையில நம்பர் அடிச்சிருந்திச்சு, நான்தான் டார்ச்சு புடிச்சேன்" என்றாள். கடைக்காரர் ரிங் செட்டை எடுத்துக் கொடுத்தார். அதற்குள் வெளியே வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது.

அப்புறம் நடந்தது பார்க்கச் சகிக்காத கூத்து. அவன் உதைத்தான், கிக்கர் திருப்பி உதைத்தது. மறுபடி உதைத்து வீங்கிய காலையே அடித்துக்கொண்டான். பிறகு அவன் உட்கார, அவள் தள்ளினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மூன்று தடவை தள்ளியும், கியரில் விட்டதும் பின்சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டே நின்றது. மூன்றாவது தடவை தோளில் ஏதோ பிடித்துக்கொண்டது. சகுந்தலா தள்ளுவதை நிறுத்தினாள்.

"எறங்குங்க."

"இன்னா பண்ணப்போற?"

"எறங்குங்கன்றேன்."

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிக்கர்மேல் காலை வைத்தாள். உதைக்கவில்லை. மெல்ல அழுத்தி, இறுகிப்போகும் இடம் வந்ததும் அதன்மேல் தன் பாரம் முழுவதையும் இறக்கிவிட்டு, சும்மா நின்றாள். எவ்வளவு அழுத்தமான என்ஜினாக இருந்தாலும் கொஞ்சம் பொறுத்தால் மூச்சை விட்டுத்தான் ஆகவேண்டும். இது அவள் இருபது வருஷமாகக் கைப்பிடியில் படித்த பாடம். உள்ளே புஸ்ஸென்று காற்று கசிந்தது, கால் ஒரு விரற்கடை இறங்கியது. கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி மிதித்தாள். என்ஜின் பிடித்துக்கொண்டது.

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. பஞ்சாட்சரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"பார்த்தீங்களா, என் பொண்டாட்டி" என்றான் கடைக்காரரிடம். பிறகு அவள் பக்கம் திரும்பி ஆசையாகவே சொன்னான். "இனிமே கவலையே இல்ல சகுந்தலா. காலையில உன் மிஷினை ஸ்டார்ட் பண்ணிட்டு, அப்பிடியே வந்து இதுக்கும் ஒரு மிதி மிதிச்சிட்டுப் போய்டு. அரை நிமிஷ வேலைதான்."

அவன் முகத்தில் கள்ளம் ஏதும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பாள். அவளுக்கு அசதிதான் வந்தது, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை.

கையை நீட்டிச் சாவியைத் திருப்பினாள். என்ஜின் அடங்கியது.

"ஏய், இன்னா பண்ற?"

"அந்த லிவரைக் கழட்டி ஓட்டையை அடைச்சது யாரு?"

"நான்தான்."

"தொறந்து மாட்டுங்க. அதுக்கு முன்னாடி என் என்ஜினைப் பிரிச்சி இந்த ரிங்கைப் போடுங்க. அதுவரைக்கும் மேடு தேடிக்கங்க."

ரிங் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகும் ஜீப்பில் ஒரு இடம் இருந்தது. ஓட்டுகிற குப்பன் கேட்டான். "அண்ணன் வர்லியாக்கா?"

"வண்டியில வர்றாரு."

ஊர் எல்லை தாண்டும்போது பஞ்சாட்சரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. நொண்டிக்கொண்டே தள்ளினான். அடிவாரம்வரை சமதரைதான் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்தச் சொல்ல வாய்வரை வந்தது. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தினால் இறங்க வேண்டும், இறங்கினால் மிதிக்க வேண்டும்.

பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, வலிக்காத தோளைக் கம்பியில் சாய்த்துக் கண்ணை மூடினாள். நாளைக் காலையில் அவள் ஸ்டார்ட் பண்ண வேண்டியது ஒரு என்ஜின்தான்.