பாட்டிலில் வந்த கோபம்

பதினோராங்கட்டைத் தோட்டத்தின் முதல் அறுவடையில் மெஷின் உதிர்த்தது ஒன்பது டன் திராட்சையும் குஞ்சம்மாவின் கோபமும். திராட்சை சிவப்பு. கோபம் கறுப்பு, ஒரு சுற்றுப் பெரிது, கால் கூடை தேறியது. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டி லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் திராட்சை வந்த தோட்டம் அது. கைமாறும்போதெல்லாம் எவனாவது ஒருத்தன் பந்தல் போட்டு, மைக் பிடித்து, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்களுக்குச் சொந்த வீடு கட்டித் தருகிறேன் என்பான். குஞ்சம்மா அத்தனை பேரையும் நம்பினாள். அத்தனை பேர் மேலும் கோபத்தைச் சேர்த்து வைத்தாள். அதைக் கொட்ட ஆபீஸ் கதவு திறக்காது என்பதால் வீட்டில் இருந்த புருஷன் தம்புசாமி மேல் கொட்டுவாள். அவர் எவனையும் நம்பாத ஆள். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையைக்கூட முதலில் கோழிக்குப் போட்டு, கோழி மறுநாள் மேய்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். திட்டு வாங்கினால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

மெஷினைக் கண்ட அன்றே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கொடி வரிசையைக் கவட்டுக்குள் வாங்கிக்கொண்டு நடந்தது. உள்ளே இரண்டு பக்கமும் வளைந்த கம்பிகள். அவை கொடியைப் பிடித்து உலுக்கும். பழுத்தது உதிரும், காய் நிற்கும். உதிர்ந்தது தட்டில் விழுந்து பெல்ட்டில் ஏறும், காற்றாடி சருகை ஊதித் தள்ளும், பழம் மட்டும் தொட்டிக்குப் போகும். கொடியில் வெறும் காம்பு தொங்கும், தின்று போட்ட மீன் முள் மாதிரி. பறிக்கிற ஆட்கள் அத்தனை பேரையும் அந்த வாரமே நிறுத்தினார்கள். புல் பிடுங்க மட்டும் நாலு பொம்பளைகளை வைத்துக்கொண்டார்கள், அதில் குஞ்சம்மா ஒருத்தி.

அவள் வரிசைக்குள் குனிந்திருந்தாள். மெஷின் ஓட்டுகிறவன் கூப்பிட்டது காதில் விழவில்லை. மெஷின் அவளை உள்ளே வாங்கி, உலுக்கி, பின்பக்கமாக விட்டது. ஒரு கீறல் இல்லை. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். அன்றைக்குத் தம்புசாமி வேண்டுமென்றே சேற்றுக் காலோடு அடுப்படி வரைக்கும் நடந்தார். "வாங்க, டீ போடட்டுமா?" என்றாள். அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் தர்மேந்திரனுக்கு இதில் வேறு கணக்குத் தோன்றியது. ஆபீசில் போய் ஓதினான். அடுத்த வாரம் லயத்துச் சனம் முழுவதையும் மெஷின் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டு, பிரியாணிப் பொட்டலம் கொடுத்து, வரிசைக்குள் உட்கார வைத்தார்கள். கறுப்புப் பழம் தொட்டி தொட்டியாக இறங்கியது. வெளியே வந்த சனம், லயத்தைக் காலி செய்கிறோம் என்று கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டது. "கம்பெனி நல்ல கம்பெனிலா" என்று சொல்லிக்கொண்டே புக்கிட் காத்திலில் வாடகை அடுக்குமாடிக்குக் குடிபோனது.

மெஷினை மறிக்கிறேன் என்று உட்கார்ந்த தம்புசாமி மேல் மூன்று தடவை ஓட்டினார்கள். ஆடிக்கொண்டிருந்த பல் ஒன்று விழுந்தது, வேறு ஒன்றும் உதிரவில்லை.

"என்ன தாத்தா, உங்களுக்குக் கோபமே இல்லையா?" என்றான் தர்மேந்திரன்.

"இருக்குடா. இன்னும் காயா இருக்கு. பழுத்தா மொத உன் மண்டையிலதான் விழும்."

குஞ்சம்மா மூட்டை கட்டினாள். "நீங்களும் வரலாமே" என்றாள், அத்தனை மரியாதையாக. யோவ் என்ற வாய் அது. யாரோ ஒருத்தி பேசுகிற மாதிரி இருந்தது அவருக்கு. வர மாட்டேன் என்றார். அதற்கும் சிரித்துவிட்டு வேன் ஏறினாள். பக்கத்து வீடுகளை உடைத்தார்கள். அவர் மட்டும் மிஞ்சிய சுவருக்குள் தானே சோறு பொங்கி, பாதியைக் கோழிக்குப் போட்டார்.

கம்பெனி அந்தப் பழத்தைப் பிழிந்து பாட்டிலில் அடைத்து விற்றது. குடித்தவனுக்கெல்லாம் கோபம் வந்தது. உம்பாயில் மீன் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்த சீனக் குடும்பம் ஒன்று, தமிழ் ஒரு எழுத்துத் தெரியாத குடும்பம், ஒரு கிளாஸ் குடித்துவிட்டு எழுந்து நின்று "எங்க வீடு எங்கடா?" என்று தமிழில் கத்தியது. சுங்கை ஊடாங்கில் ஒரு மாப்பிள்ளை தாலி கட்டுகிற நேரத்தில் பந்தல்காரனைப் பிடித்து உலுக்கினான். தோட்டத்து மைல்கட்டை முனையில் கடை வைத்திருந்த அப்துல் ஹமீதுவிடம் பாட்டில்கள் திரும்பி வந்தன. "பாய், இது ஜூசா, யூனியன் மீட்டிங்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துப் போனார்கள்.

தம்புசாமி கடைக்குப் போய் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தார்.

"மாமா, விஷமான்னு பாக்குறீங்களா?"

"விஷம்னு தெரியும் பாய். யாரோடதுன்னு பாக்குறேன்."

ஒரு சொட்டு தொண்டையைத் தாண்டும் முன்னே காதுக்குள் கேட்டது: யோவ், சேத்துக் காலோட எங்கய்யா வர்ற? சட்டென்று மூடியைத் திருகி, அந்தப் பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டு புக்கிட் காத்திலுக்கு பஸ் ஏறினார்.

"வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கதவைத் திறந்தாள் குஞ்சம்மா. அவர் இடுப்பில் இருந்த பாட்டிலை எடுத்தார். கிளாசில் ஊற்றி நீட்டினார். பாதி குடித்தாள். கிளாசைப் பார்த்தாள். அவர் காலைப் பார்த்தாள்.

"யோவ், அறிவிருக்காய்யா உனக்கு? கழுவின தரைய்யா இது! ஒரு பொம்பள சிரிச்சுக்கிட்டே வேன் ஏறுனா, ஏண்டி போறன்னு ஒரு வார்த்த கேட்டியா நீ? மரம் மாதிரி நின்னியேய்யா! கையெழுத்து வாங்கினானே அந்தப் பொறம்போக்கு, எங்கய்யா நம்ம வீடு?"

தம்புசாமி தலையைக் குனிந்து, பல நாள் பட்டினி கிடந்தவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் ஓயவில்லை. செருப்பை மாட்டி, மாடி மாடியாகக் கதவைத் தட்டினாள். ஹமீது மிச்சப் பாட்டில்களை வேனில் கொண்டுவந்து இறக்கினார், விற்காத சரக்குத்தானே என்று. அடையாளம் பார்க்க யாரும் நிற்கவில்லை, கிடைத்ததைக் குடித்தார்கள். அதனால் ஒருத்தர் கோபம் இன்னொருத்தருக்கு மாறியதும் உண்டு. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது லயம் இருந்த இடத்தில் தகரக் கொட்டகை போட்டு எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள், வீடு கட்டித் தந்தால்தான் எழுந்திருப்போம் என்று. கொட்டகைக்கு வெளியே கொடி வரிசைக்குள்ளும் முறை வைத்து உட்காருகிறார்கள். அறுவடைக் காலத்தில் மெஷின் வந்து அவர்கள் மேல் ஏறி, உலுக்கி, இறங்கிப் போகிறது. ஒன்றும் உதிர்வதில்லை. குடித்த கோபம் புதுசு, பழுக்க நாளாகும். மெஷின் தலைக்கு மேல் வரும்போது குஞ்சம்மா புருஷனைத் திட்டுவதை நிறுத்துவதில்லை. டீ கிளாசை மட்டும் கையால் மூடிக்கொள்கிறாள், தூசி விழும் என்று.