வளைந்து வந்தால் நான்கு டிகிரி

அந்த ஊரில் யாராலும் கால் வைக்க முடியாத இடங்கள் மொத்தம் அறுபத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு புள்ளி அளவுதான். முடி அகலத் தூரம் வரை போகலாம். அந்த இடத்திலேயே நிற்க மட்டும் முடியாது. காலை வைத்தால் கால் பக்கத்தில் விழும். மேலேயிருந்து மை விட்டால் சொட்டு தள்ளிப் போய் விழும். நீதிமன்ற வராந்தாவில் ஒன்று இருந்தது, பேருந்து நிலையத்தின் மூன்றாவது பெஞ்சுக்கு முன்னால் ஒன்று. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடைக்குள் இருந்த இடத்தின் மேல் நாற்காலியைப் போட்டுப் பார்த்தார். ஒரு கால் மட்டும் தரையில் படாமல் ஆடிக்கொண்டே இருந்ததால், வாடிக்கையாளரின் காது நலன் கருதி விட்டுவிட்டார். ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டும் குழியுமான சாலையோடு காலம் தள்ளுகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

இவற்றைச் சரிசெய்ய நகராட்சியின் நில அளவைப் பிரிவில் ஒரு முறை இருந்தது. அளவைக்காரர் வெப்பமானியைக் கையில் பிடித்துக்கொண்டு எட்டுத் திசையிலிருந்தும் அந்த இடத்தை நோக்கி நடப்பார். நெருங்க நெருங்கப் பாதரசம் ஏதாவது ஓர் எண்ணை நோக்கிப் போகும். அந்த இடத்திலேயே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். போய்ச் சேராவிட்டாலும் எதை நெருங்குகிறோம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? எட்டுத் திசையிலும் ஒரே எண் வந்தால், அதையே அந்த இடத்தின் எண் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நடுவில் ஒரு பித்தளை முளையை அடித்துவிடுவார்கள். அன்றிலிருந்து அது சாதாரணத் தரை. திசைக்கொரு எண் வந்தால் வேலிதான். நடப்பதற்கு அளவுச் சங்கிலியை இழுத்துப் பிடித்து, அதை ஒட்டியே நடக்க வேண்டும் என்பது பிரிவின் வழக்கம். இழுத்துப் பிடித்த சங்கிலி நேராகத்தான் நிற்கும். அதில் ஒரு பிழை ஒளிந்திருப்பதாக ஐம்பது வருடங்களில் எவருக்கும் தோன்றவில்லை.

கடைசியாக அந்த வேலையில் இருந்தவரை ஊர் ‘நூல்பிடி’ என்று கூப்பிட்டது. சாப்பாட்டுத் தட்டைக்கூட மேசை விளிம்புக்கு இணையாக வைக்கும் மனிதர். கல்லூரியில் கணிதம் படித்தவர். ஒரு கோட்டில் இருக்கும் புள்ளியை நெருங்க இடம், வலம் என்று இரண்டே வழி. கலப்பெண்களின் தளம் கோடு அல்ல, பரப்பு; அதில் வழிகளுக்குக் கணக்கே இல்லை, எந்த வழியில் நெருங்கினாலும் ஒரே மதிப்பு வந்தால்தான் எல்லை, அதாவது போய்ச் சேரும் மதிப்பு, என்பது உண்டு என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர். வேலைக்குச் சேர்ந்த மறுவாரமே அதை மறந்துவிட்டார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. படித்ததை வேலையில் யார்தான் பயன்படுத்துகிறார்கள்?

பிரிவு அறுபது இடங்களுக்கு முளை அடித்து முடித்தபோது, அறுபத்தொன்றாவது அவருடைய தங்கை வீடு கட்ட வாங்கிய மனையில் இருந்தது. கூடம் வரவேண்டிய இடத்துக்கு நட்டநடுவில். தங்கையின் கணவர் பேருந்து ஓட்டுநர், எதற்கும் யோசிக்கிற ஆள். வேறு மனை பார்க்கலாம் என்றார். தங்கை கேட்கவில்லை.

“எங்க அண்ணன் நடந்து பாத்து சரின்னு சொல்லிட்டா எனக்குப் போதும்” என்றாள்.

ஒரே தங்கை. அம்மா இல்லாத வீட்டில் அவளுக்குத் தலை பின்னிவிட்டதே அவர்தான். அதனால் எட்டோடு நிறுத்தவில்லை. பதினாறு திசை, பிறகு முப்பத்திரண்டு. ஒவ்வொன்றிலும் பாதரசம் பிசகாமல் இருபத்தெட்டு டிகிரிக்கே போனது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வீடு எழும்பியது. முளைக்கு மேல் தரை ஓடு பதித்து, அதன் மேல் தங்கை தனக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். நான்கு காலும் ஆடாமல் நின்றன.

சமையலறை வாசலுக்கும் அந்த நாற்காலிக்கும் இடையில் ஒரு சாப்பாட்டு மேசை. தங்கை சமையலறையிலிருந்து வரும்போது மேசையை ஒட்டி வளைந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று திரும்பி உட்காருவாள். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அப்படி வருவாள். முதல் வருடம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருடம் அவள் கையில் எடுத்த தேநீர் வாய்க்குப் போவதற்குள் ஆறியது. மூன்றாம் வருடம் அவள் தொட்டு வைத்த பால் நான்கு நாள் கெடாமல் இருந்தது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதாகி ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தார்கள். மருத்துவர் நாக்குக்கடியில் வைத்த கருவி எண்ணே காட்டவில்லை. அவர் கருவியை மாற்றச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

“மச்சான், தூங்குறப்ப கை பட்டா தூக்கிவாரிப் போடுது. கேட்டா எனக்கு ஒண்ணுமில்லேங்கறா. நீங்க வந்து பாருங்க” என்றார் ஓட்டுநர்.

ஒரு விடுமுறை நாள் காலை பதினொரு மணிக்கு நூல்பிடி அந்தக் கூடத்தில் உட்கார்ந்து தங்கை நடப்பதைப் பார்த்தார். நான்காவது தடவை அவள் மேசையைச் சுற்றித் திரும்பியபோது அவள் நேர்கோட்டில் வரவில்லை என்பது அவர் கண்ணில் பட்டது. வெப்பமானியை எடுத்துக்கொண்டு அவள் காலடி வைத்த இடத்திலேயே காலடி வைத்துப் பின்னால் போனார். இருபத்தெட்டு. இருபத்தொன்று. பதின்மூன்று. அவள் நாற்காலியில் உட்கார, அவர் அதை ஒட்டியபோது நான்கு டிகிரியில் நின்றது. வீட்டு வாசலுக்குப் போய் நேராக நடந்து வந்தார். இருபத்தெட்டு. நாற்காலி காலியாக இருந்தது.

“எங்கேம்மா போயிட்ட?” என்று கத்தினார்.

மேசையைச் சுற்றி வளைந்து வந்தார். தங்கை நாற்காலியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“நான் இங்கயேதான் இருக்கேண்ணா. நீங்கள்லாம் வேற பக்கமா வந்து தேடுறீங்க” என்றாள்.

அதன் பிறகு அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க முடியவில்லை என்பதே சரி. நூல்பிடிக்குக் கல்லூரிப் பாடம் வரி பிசகாமல் நினைவுக்கு வந்தது. முப்பத்திரண்டு நேர்கோடுகள் அல்ல, முப்பத்திரண்டாயிரம் ஒத்துப்போயிருந்தாலும் ஒரே ஒரு வளைவு போதும். அந்த இடத்துக்கு எல்லையே கிடையாது. இல்லாத எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். இங்கே மட்டுமல்ல, அறுபத்தோரு இடத்திலும் பிரிவு செய்தது இதுதான். நீதிமன்றத்தில் யாராவது நேராக நடக்கிறார்களா? பேருந்துக்கு ஓடுகிறவன் சங்கிலி பிடித்தா ஓடுகிறான்? அந்த வாரமே பேருந்து நிலையத்துக்குப் போய் விதவிதமாக வளைந்து நடந்து பார்த்தார். ஒரு வளைவில் மூன்றாவது பெஞ்சில் பதினோரு பேர் கம்பளி இல்லாமல் வெடவெடத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்திருந்தார்கள். அதில் இரண்டு பேரை ‘காணவில்லை’ சுவரொட்டியில் பார்த்திருக்கிறார். இன்னொரு வளைவில் கண்டதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

செய்ய வேண்டியது தெளிவாக இருந்தது. எல்லை இல்லை என்று ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தால் மறுநாளே முளைகளைப் பிடுங்கி வேலி போட்டுவிடுவார்கள். ஊர் பிழைக்கும். ஆனால் தங்கையிடம் போகிற வழியும் அடைபடும், எந்தப் பக்கமிருந்தும். அறிக்கையை எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனார். தங்கையின் ஐந்து வயது மகள் அம்மா மடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்ததும் வளைந்து ஓடி வந்து மடியில் ஏறுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

“பாப்பா விரலைத் தொட்டுப் பாருண்ணா” என்றாள் தங்கை. “எனக்கு வேணாம்னு சொன்னாலும் வந்துடறா. நீ எழுதிக் குடுத்துடு. நான் இங்க இருந்துக்கறேன். எனக்கு எதுவும் வலிக்கல.”

அவர் தொட்டுப் பார்த்தார். கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. சரி, நாளைக்குக் கொடுத்துவிடுகிறேன் என்றார். மறுநாள் அலுவலக வாசல் வரை போனார். கால் உள்ளே போகவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று திரும்பினார். அந்தச் சட்டை துவைக்கப் போய், அறிக்கை பைக்குள்ளேயே கூழாகி, காய்ந்து கட்டியானது. அவர் இன்னொன்று எழுதவில்லை. அன்புதான் காரணம். அன்பு என்பதற்காக அது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது, அவருக்கும் அது தெரியும்.

அடுத்த வருடம் நேராகப் போகிறவர்களின் கண்ணுக்குக் குழந்தை தெரியாமல் போனாள். அதற்கடுத்த வருடம் அவளைத் தேடி வளைந்து வளைந்து ஓட்டுநரும் போனார். ஓய்வு பெற்ற நாளன்று நூல்பிடி ஒரு மூட்டை கம்பளியோடு வந்து மேசையைச் சுற்றித் திரும்பினார். வாசலிலிருந்து நேராக உள்ளே போகிறவர்களுக்கு இன்றைக்கும் அது தூசி படிந்த வெறும் வீடு, இருபத்தெட்டு டிகிரி. மேசையைச் சுற்றிப் போகிறவர்களுக்கு நான்கு பேரும் இருக்கிறார்கள். வந்தவர்களைச் சாப்பிடச் சொல்கிறார்கள். சோறு மட்டும் கொஞ்சம் விறைத்திருக்கும்.

மற்ற அறுபது இடங்களும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டன; அவற்றை வளைந்து கடந்தவர்கள் ஒவ்வொருவராகச் சில்லிட்டுப் போனார்கள். இப்போது அந்த ஊரில் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். சூடாக இருந்தால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறார்கள். சில்லென்று இருந்தால் ஒன்றும் கேட்பதில்லை, வெந்நீராகக் கொடுக்கிறார்கள்.