கஞ்சியா, குளியலா

விடியாத இருட்டில், மழைக்குக் குனிந்தபடி, வில்ஃப் ஹார்டேக்கர் வீட்டுச் சுவரிலிருந்த சாவிப் பெட்டியைத் தடவித் திறந்தேன். பின்னால் ருடெண்டோ உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சில்லிட்ட கையோடு யாரையும் தொடக் கூடாது என்பது ஜிம்பாப்வேயிலிருந்து இந்த வேலைக்கு வந்த நாள் முதல் அவள் வைத்திருக்கும் சட்டம். வீட்டுக்கு வீடு போய் முதியவர்களைப் பராமரிப்பது எங்கள் வேலை. உள்ளே நுழைந்து செல்பேசியில் வருகையைப் பதிந்தோம். அந்த நொடியிலிருந்து அது எங்கள் நேரத்தைத் தின்னத் தொடங்கியது.

வில்ஃப் கனமான மனிதர். பக்கவாதம் வலப்பக்கத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. அவரைப் புரட்டித் தூக்குதுணியை முதுகுக்கடியில் செருக வேண்டும். இரவெல்லாம் நனைந்த டயாப்பரை உருவ வேண்டும். தொடை இடுக்கைத் துடைத்து, சிவந்த குதிகாலுக்குக் களிம்பு தடவி, கருவியால் தூக்கி நாற்காலியில் இறக்க வேண்டும். அதற்குள் என் முதுகு விட்டுப்போகும். பிறகுதான் கஞ்சி. அவருக்கு விழுங்குவது கடினம். ஒரு கரண்டி போனதை உறுதி செய்துவிட்டுத்தான் அடுத்த கரண்டி.

சென்ற மாதம் வரை இதற்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். இப்போது கால் மணி நேரம்.

"இன்னிக்கு என்ன கண்ணு?" என்றார் வில்ஃப். அவர் வாயிலிருந்து சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கும், வயதானவர்கள் பஸ்ஸிலிருந்து இறங்குவதுபோல. "கஞ்சியா... குளியலா?"

"நேத்து குளிச்சீங்க. இன்னிக்குக் கஞ்சி."

"நான் ஓட்டின பஸ்கூட... இவ்வளவு அவசரமா... போனதில்ல."

சிரித்தோம். பாதிக் கிண்ணம் மீதியிருக்கும்போது, கால் மணி நேரம் முடிந்ததென்று செல்பேசி கத்தியது. ருடெண்டோ அவர் வாயைத் துடைத்தாள். நான் கோட்டை மாட்டினேன். தெரு முனை வீட்டில் அடுத்த கிழவி நெட்டி பிக்கிள்ஸ் நனைந்த படுக்கையில் காத்திருப்பாள். திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தேன். திரும்பிப் பார்த்தால் போக முடியாது.

எங்கள் முதலாளி ரஸ்ஸல் பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவன். அன்று மதியம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டான்.

"வெள்ளிக்கிழமை மூணு கட்சி எம்.பி.ங்களும் ஒண்ணா வர்றாங்க ஜானிஸ். முதியோர் பராமரிப்பையே அடியோட மாத்தப் போறாங்களாம். வில்ஃப் வீட்டத்தான் காட்டப் போறேன்."

"நல்லாக் காட்டு. கால் மணி நேரத்துல என்ன கிழிக்க முடியும்னு பாக்கட்டும்."

"அன்னிக்கு ஒரு மணி நேரம் போட்டிருக்கேன்."

"அட! திடீர்னு எங்கேருந்து முளைச்சுது அந்த ஒரு மணி நேரம்?"

"கம்பெனி பேரு கெட்டா ஊர்க் கவுன்சில் ஒப்பந்தம் போயிடும். அப்புறம் உனக்கும் வேலையில்ல, எனக்கும் இல்ல. கவுன்சில் குடுக்கறத வச்சு நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"வீட்டுக்கு வீடு மழையில ஓடுறோமே, அந்த நேரத்துக்குக் கூலியே கிடையாதே, அதுவும் கவுன்சில் சொல்லிக் குடுத்ததா?"

"எல்லாக் கட்சியும் சேந்து வருதுல்ல, கொஞ்சம் பொறு."

"எங்கம்மா படுக்கையில கிடந்தப்பவும் இதேதான் சொன்னாங்க. அரசாங்கத்துலேருந்து பச்சை அறிக்கை, வெள்ளை அறிக்கைன்னு நிறம் நிறமா வந்துச்சு. அம்மா போய்ச் சேந்துட்டா."

அவன் வெள்ளிக்கிழமை அட்டவணையை என் பக்கம் தள்ளினான்.

வெள்ளிக்கிழமை நாங்கள் செய்தது தப்பு. வழக்கம்போல அரைகுறையாகச் செய்து அவரை அப்படியே காட்டியிருக்க வேண்டும். ஆனால் கையில் ஒரு மணி நேரம் இருக்கும்போது ஒரு மனிதரை அழுக்காக உட்கார வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். ருடெண்டோ முகம் மழித்தாள். கஞ்சியில் பாகு விட்டு, கிண்ணத்தின் அடிவரை ஊட்டினேன். பஸ் கம்பெனி கழுத்துப்பட்டையைக் கட்டிவிட்டபோது வில்ஃப் கண்ணாடியில் தன்னைப் பார்த்து, "யாரு... இந்த ஆளு?" என்றார்.

எம்.பி.க்கள் வந்தார்கள். ஆளுக்கொரு நிறத்தில் சட்டைச் சின்னம், மூவருக்கும் ஒரே புன்னகை. வீடெல்லாம் சோப்பு வாசம்.

"எவ்வளவு அருமையா பாத்துக்கறீங்க!" என்றார் நெட்டையானவர். ரஸ்ஸலின் முகம் மலர்ந்தது.

"இது இன்னிக்கு மட்டும்தாங்க" என்றேன். "மத்த நாள்ல இவருக்குக் கால் மணி நேரம்தான். குளிப்பாட்டினா கஞ்சி இல்ல, கஞ்சி குடுத்தா குளியல் இல்ல."

"இது மாறணும். இதுல எங்க மூணு பேருக்குள்ள கருத்து வேறுபாடே இல்லம்மா" என்றார் சிவப்புக் கோட்டுப் பெண்மணி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

"மூணு பேரும் ஒத்துக்கிட்டா இன்னிக்கே செஞ்சிடலாமே?"

இளையவர்தான் பதில் சொன்னார்: "ஆணையம் போட்டிருக்கோம். அவங்க அறிக்கை வரணும். செலவ யார் ஏத்துக்கறதுன்னு... அடுத்த தேர்தலுக்குப் பிறகுதான்..."

வில்ஃப் இடக்கையைத் தூக்கினார். உதடு குவிந்தது. "நீங்க..." என்றார். "நீங்க எல்லாரும்..."

"இருங்க, அவரு பேசறாரு" என்றாள் ருடெண்டோ.

காத்திருந்தார்கள், கொஞ்ச நேரம். அவர்களோடு வந்த உதவியாளர் கடிகாரத்தைக் காட்டினார். நெட்டையானவர் குனிந்து வில்ஃபின் உயிரற்ற வலக்கையைப் பிடித்துக் குலுக்கினார். படம் எடுத்தார்கள். கார் கிளம்பியது. அவர்களும் கால் மணி நேரம்தான் இருந்தார்கள். நான் சமையலறைக்குப் போய் ஆத்திரத்தில் அழுதேன். எங்கள் நல்ல வேலையே எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

மதியம் எங்கள் கம்பெனியின் பராமரிப்பு ஆட்கள் எல்லாரும் பல்பொருள் அங்காடியின் கார் நிறுத்துமிடத்தில் கூடினோம். எங்களுக்கு வேறு மண்டபம் ஏது? காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி கண்ணாடியை இறக்கிப் பேசிக்கொள்வோம்.

"வேலைய நிறுத்துவோம்" என்றான் காலின். எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஒரே ஆண்.

"நீ நிறுத்தினா யாரு ஈரத்துல கிடப்பா? ரஸ்ஸலா?" என்றேன். "நம்ம கையக் கட்டிப் போட்டிருக்கறதே அதுதானே."

மழை கூரையில் கொட்டியது. நானும் கைவிட்டுவிட்ட மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

"நிறுத்த வேண்டாம்" என்றாள் ருடெண்டோ. "முடிப்போம். ஒவ்வொரு வீட்டுலயும் வேலை முடியற வரைக்கும் இருப்போம். கத்தினா கத்தட்டும்."

"பின்னால உள்ளவங்க காத்துக் கிடப்பாங்களே?" என்றான் காலின்.

"கிடப்பாங்க. அவங்ககிட்ட நாமளே உண்மையச் சொல்லுவோம்."

"உன் விசா ரஸ்ஸல் கையில இருக்குடி, வேலை போனா அதுவும் போயிடும்" என்றேன்.

"தெரியும் ஜானிஸ். தினமும் தூங்கப் போகும்போது அதுதான் ஞாபகம் வரும்." அவள் சாண்ட்விச்சை மடித்து வைத்தாள். "ஒருத்தி மட்டும் செஞ்சா அனுப்பிடுவான். எல்லாரும் செஞ்சா?"

மறுநாள் காலை. அதே மழை, அதே சாவிப் பெட்டி. வில்ஃபைத் துடைத்து நாற்காலியில் இறக்கியதும் அவர் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அவங்ககிட்ட... நேத்து சொல்ல வந்தது..."

"சொல்லுங்க."

"நீங்க எல்லாரும்... நாளைக்கு வாங்கன்னு."

மறுநாள் வந்திருந்தால் அந்தக் கால் மணி நேரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். அந்த ஒரு வரிக்குக்கூட அவர்களிடம் நேரமில்லை.

செல்பேசி கத்தியது. பழக்கதோஷம், கை கோட்டுக்குப் போனது. ருடெண்டோவைப் பார்த்தேன். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. கோட்டை மறுபடி ஆணியில் தொங்கவிட்டுவிட்டு நெட்டி பிக்கிள்ஸைச் செல்பேசியில் கூப்பிட்டேன்.

"நெட்டி, இன்னிக்கு லேட்டாகும். வில்ஃப் இன்னும் சாப்பிட்டு முடிக்கல. உனக்கும் வந்து முழுசா செஞ்சிட்டுத்தான் போவோம்."

மறுமுனையில் இருமல். "படுக்கை நனைஞ்சுதான் கிடக்கு, பொய் சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆனா மூணு கட்சிக்காகவும் இத்தனை வருஷம் காத்துக் கிடந்தேன். உனக்காகக் கிடக்க மாட்டேனா?"

அடுத்து ரஸ்ஸல் கூப்பிட்டான். "எங்க இருக்கீங்க? நேரம் தாண்டிடுச்சுன்னு ஆபீஸ் திரையெல்லாம் சிவப்பா எரியுது. ருடெண்டோகிட்ட சொல்லு, அவ விசா..."

"வில்ஃப் சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, ரஸ்ஸல். கவுன்சில்கிட்டயும் சொல்லு, அந்த மூணு பேருகிட்டயும் சொல்லு."

வைத்துவிட்டேன். திங்கட்கிழமை எங்களுக்கு வேலை இருக்குமா, தெரியாது. செல்பேசி மறுபடி சிணுங்கியது. காலின் எழுதியிருந்தான்: ஆல்பர்ட் இன்னும் குளிச்சுக்கிட்டிருக்காரு. நான் இங்கதான் இருக்கேன். அதன் கீழே இன்னொருத்தி: பெரில் முட்டை சாப்பிடறாங்க. நானும் இருக்கேன். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

வில்ஃப் நிதானமாக விழுங்கினார்.

"ரஸ்ஸல்கிட்ட... சொல்லு கண்ணு" என்றார். "ஆளுங்க... இன்னும் ஏறிக்கிட்டிருக்காங்க. பஸ்ஸ... எடுக்க முடியாது."

ருடெண்டோ அடுத்த கரண்டியை நீட்டினாள்.