ஜெயப்ரியா பாடிய நாலு நிமிஷம்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஆகாஷ் சென்னையிலிருந்து போன் செய்தார். தன் முதல் படத்தை முடிக்கும் அவசரத்தில் இருந்த இயக்குநர். படத்தின் கடைசிக் காட்சிக்கு ஆரணியில் ஒரு பெண் போனில் பதிவு செய்த பாட்டுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். இப்போது அவர் பேச்சில் அந்தப் பிடிவாதம் இல்லை.

“மேடம், இங்க ரெண்டு ஸ்டுடியோவுல காட்டிட்டேன். தறி சத்தத்த எடுத்தா குரலும் சேந்து போயிடுதுன்றாங்க. சனிக்கிழமை மதியம் கடைசி மிக்ஸிங். அதுக்குள்ள உங்களால முடியலன்னா வேற பாடகிய வெச்சு எடுத்துடறேன். தப்பா நெனைக்காதீங்க.”

பாடிய பெண் ஜெயப்ரியா. எங்களுக்கு அடுத்த தெரு. அவள் மாமனார் தனகோடியின் விசைத்தறிக் கொட்டகை வீட்டுச் சமையலறையை ஒட்டியே இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மத்தியானம், தானே கட்டிய பாட்டை அந்தச் சமையலறையில் நின்று பாடி எனக்கு அனுப்பினாள். ஆகாஷுக்கு அதைப் போட்டுக் காட்டியது நான்தான். அதற்கப்புறம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, குரலும் போயிற்று. இன்று அவளால் காற்றோடு காற்றாகத்தான் பேச முடியும். மறுபடி பாட வைக்க வழியில்லை. இருப்பது அந்த நாலு நிமிஷம் மட்டும்.

நான் எட்டு வருஷமாக வீட்டுப் பின்னறையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு பாட்டுகளைச் சீர்செய்து கொடுக்கிறேன். சர்ச் பாடல்கள், குறும்படங்கள், கோயில் திருவிழாப் பாட்டுகள். ‘நான்சி பாட்டைக் கழுவித் தரும்’ என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பில்லை. பாட்டு ஓடும் மென்பொருளுக்குள் ப்ளக்-இன் என்று சின்னச் சின்னக் கருவிகளைச் செருகலாம். ஒன்று இரைச்சலைக் குறைக்கும், ஒன்று அடித்தொண்டையின் கனத்தைக் கூட்டும், ஒன்று சின்ன அறையில் பாடியதைப் பெரிய மண்டபத்தில் பாடியதாக்கும். என்னிடம் இருந்த இரைச்சல் நீக்கிகள் எல்லாவற்றையும் ஆகாஷ் போனை வைத்த கையோடு போட்டுப் பார்த்துவிட்டேன். தறி அடங்கியது. குரல் கிணற்றுத் தண்ணீருக்குள் இருந்து வருவது போல ஆனது.

சாயங்காலம் ஜெயப்ரியா வந்து கேட்டாள். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினாள்.

“இது யாருக்கா?”

ஆகாஷ் சொன்னதைச் சொன்னேன். அவள் புடவைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, “வேற யாராவது பாடட்டும்க்கா. ஆனா எம்பேர மட்டும் போட வேணாம்னு சொல்லிடுங்க” என்றாள். அழவில்லை. அவள் போன பிறகு பதிவை முதலிலிருந்து மறுபடி ஓட்டிக் கேட்டேன். அந்த ப்ளக்-இன்களுக்குத் தறி எது, குரல் எது என்று தெரியவில்லை. தறியை மட்டும் தனியாகக் கேட்க வைத்தால் கற்றுக்கொள்ளும். ஆனால் அந்தப் பதிவில் தறி மட்டும் தனியாக ஓடும் இடம் ஒரு விநாடிகூட இல்லை.

புதன்கிழமை காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தனகோடியின் கொட்டகைக்கே போனேன். ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன். முதலில் குரலைத்தான் கேட்டார் போலிருக்கிறது, முகம் மாறியது.

“இவ பாடுவான்னே எனக்குத் தெரியாதும்மா. தறி ஓடிகினு இருந்தா எங்க கேக்குது.”

“ஐயா, அன்னிக்கி எந்தத் தறி ஓடுச்சின்னு சொல்ல முடியுமா?”

மறுபடி கண்ணை மூடிக் கேட்டார். “மூணாவது தறி. அடிச்சதும் கிறீச்சுன்னு ஒண்ணு வருது பாரு. நூல இழுத்துகினு ஓடற நாடாவ அடிக்கிற கட்ட தேஞ்சி பூட்டிருந்துச்சி. போன வருசம்தான் மாத்துனேன்.”

பழைய கட்டை சாமான் மூட்டையில் கிடந்தது. அவரே தேடி எடுத்து, அவரே மாட்டினார். மற்ற மூன்று தறிகளையும் நிறுத்தச் சொன்னார். வேலையாட்கள் வெளியே டீ குடிக்கப் போனார்கள். ஜெயப்ரியா அதே போனை அன்று வைத்த அதே அலமாரித் தட்டில் வைத்தாள். மூன்றாவது தறி மட்டும் பத்து நிமிஷம் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுகூடச் சத்தமாக விடவில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தைக் கேட்ட பிறகு ப்ளக்-இன் மோட்டாரின் உறுமலைச் சுத்தமாகப் பிரித்துவிட்டது. ஆனால் கட்டையின் அடி அப்படியே நின்றது. வியாழக்கிழமை மத்தியானம் ஒலியைப் படமாக விரித்து வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அடியும் செங்குத்தான ஒரு கோடு. கோடுகளுக்கு நடுவில் அவள் சொற்கள். கொஞ்ச தூரம் நகர்த்தினேன். அங்கேயும் நடுவில்தான். இன்னும் நகர்த்தினேன். கோட்டின் மேல் சொல் விழுந்த இடம் அபூர்வமாகத்தான் இருந்தது.

ஓடிப்போய் அவளிடம் கேட்டேன்.

“அடி விழும்போது பாடுனா எனக்கே கேக்காதுக்கா. அதான் நடுவுல நடுவுல நொழைச்சி பாடுனேன்” என்றாள், அது ஒரு விஷயமா என்பது போல.

தெருவில் நின்றபடியே சிரித்துவிட்டேன். இரண்டு ஸ்டுடியோக்காரர்களும் அந்த ப்ளக்-இன்களும் நானும் திணறிய வேலையை அவள் பாடும்போதே முக்கால்வாசி முடித்து வைத்திருந்தாள்.

மொத்தம் நானூற்று எண்பத்தாறு அடி. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். அழித்த இடம் செத்துப்போகாமல் இருக்க, பக்கத்தில் இருந்த அறையின் மூச்சை எடுத்து நிரப்பினேன். சொல்லின் மேல் விழுந்தவை முப்பத்தேழு. அவற்றை மட்டும் மயிரிழை மயிரிழையாக இழைத்தேன். பெரிய மண்டபத்து எதிரொலி எதுவும் வைக்கவில்லை. சமையலறையில் நின்று பாடியவள் சமையலறையிலேயே நிற்கட்டும்.

சனிக்கிழமை காலை ஜெயப்ரியாவைக் கூப்பிட்டேன். கேட்டாள். இந்த முறை ஹெட்போனைக் கழற்றவில்லை. முடிந்ததும் முதலிலிருந்து போடச் சொல்லி விரலால் காட்டினாள்.

பதினோரு மணிக்கு அனுப்பினேன். அரை மணியில் ஆகாஷ் கூப்பிட்டார்.

“மேடம், அவங்க முழுப்பேர எப்படிப் போடணும்?”

படம் ஐப்பசியில் வெளிவந்தது. தனகோடி ஒரு நாள் தறிகளை நிறுத்திவிட்டு வேலையாட்கள் அத்தனை பேரையும் ஆரணி தியேட்டருக்கு அழைத்துப் போனார். பாட்டு முடிகிறவரை யாரும் எழுந்து போகவில்லை. திரையில் ஜெயப்ரியா பெயர் வந்ததும் விசில் பறந்தது. தனகோடி பக்கத்து சீட்டுக்காரரிடம், “எங்க வூட்டுப் பொண்ணு” என்றார். இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

போன வாரம் சந்தவாசலில் ஒரு கல்யாணம். நானும் ஜெயப்ரியாவும் பஸ்ஸில் போனோம். ஏரிக்கரை ஓரமாகத் திரும்பும்போது டிரைவர் அந்தப் பாட்டைப் போட்டார். எங்களுக்கு முன் சீட்டில், மடியில் வாழைத்தார் வைத்திருந்த ஒரு அம்மாள் கூடவே பாட ஆரம்பித்தார், நல்ல கட்டைக் குரலில்:

“ஏரி நெறஞ்ச சேதி சொல்ல எந்தக் காக்கா வருமோ…”

ஜெயப்ரியா முன்னால் குனிந்தாள். அந்த அம்மாளின் தோளைத் தொட்டு, காதருகே வாயை வைத்தாள்.

“காக்கா இல்லம்மா. கொக்கு.”